பல் டாக்டருக்கு ராணுவத்தில் என்ன வேலை

பல் மருத்துவம் முடித்த மகளுக்கு ராணுவத்தில் அதிகாரி வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் முதலில் நடை மாறியது மகளுக்கு அல்ல, அப்பாவுக்கு. இன்சூரன்ஸ் ஆபீசில் குனிந்து உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன மனிதர், கம்பை விழுங்கியவர் மாதிரி ஒரே நாளில் நிமிர்ந்துவிட்டார். தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கும்போதுகூட "லெப்டினன்ட் வீட்டுக்கு" என்று சொல்லித்தான் வாங்கினார். கடைக்காரர் அதே பாலைத்தான் கொடுத்தார்.

பயிற்சிக்குக் கிளம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதற்குள் அவளைத் தயார் செய்கிற பொறுப்பைச் சித்தப்பா தானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். தெருவில் அவருக்கு 'கர்னல்' என்று பெயர். ராணுவத்தில் அவர் பார்த்த உத்தியோகம் கேன்டீனில் சோப்பு, சீப்பு விற்றது. ஆனால் பேச்சைக் கேட்டால் நாலு போர்முனை கண்டவர் என்று தோன்றும். மாசக் கடைசியில் ஷாம்பு வந்து இறங்கிய அன்று கேன்டீனில் நடந்த தள்ளுமுள்ளைப் பார்த்தவர்கள் அதை முழுப் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

விடிந்ததும் விடியாததுமாக அவளை ஓடவிட்டுக் கர்னல் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். புது பூட்ஸ் கடித்துக் குதிகாலில் கொப்புளம் வந்தபோது, அதுதான் அதிகாரியின் முதல் மெடல் என்றார். அவர் காலில் ரப்பர் செருப்பு. சல்யூட் பாடத்தில்தான் அவருக்கு மனசு உடைந்தது. அவள் கை கொசு விரட்டுவது போல எழும்பி, வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்த பழக்கத்தில் மணிக்கட்டில் மடங்கி நின்றது. எதிரியிடம் சொத்தைப் பல் இருக்கிறதா என்று பார்க்கிற சல்யூட் இது என்றார் சித்தப்பா.

அவளுக்கும் உள்ளூர ஆசை இருந்தது, மறைப்பானேன். அவள் வேலை பார்த்த கிளினிக்கின் முதலாளி, பல்வலி என்று வருகிறவர்களிடம் பல் வெளுக்கும் வைத்தியத்தைக் கட்டிவிடுவதையே மருத்துவ சேவை என்று நம்பியவர். அங்கிருந்து தப்பிக்க ராணுவம் என்ன, சர்க்கஸ் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பாள். முடியைக் கத்தரித்துக்கொண்ட அன்று, அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் தனக்குத்தானே ஒரு சல்யூட் அடித்துப் பார்த்தாள். மோசமில்லை என்றுதான் பட்டது.

இந்தக் கொண்டாட்டத்தில் அடிபட்டவன் தம்பி. கல்லூரியில் அரைக்கிணறு தாண்டியவன், இப்போது ஒரு கடையில் செல்போன் கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரே வயிற்றில் பிறந்ததில் ஒன்று லெப்டினன்ட், இன்னொன்று ஸ்டிக்கர் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார் அப்பா. தம்பி சிரித்துக்கொண்டே கேட்பான். அவன் சிரிப்பு அப்படி, திட்டுகிறவரே ஒரு நிமிஷம் தடுமாறிவிடுவார்.

ஒரு சாயங்காலம் அவள் பூட்ஸைத் துடைத்துக் கொடுத்தபடி சொன்னான்: "நானும் சேர்ந்துடறேன்க்கா. நீ ஆபீசர், நான் சிப்பாய். உன்னைப் பார்க்கிறப்பெல்லாம் நான் சல்யூட் அடிக்கணும். வீட்ல இப்பவும் அதானே நடக்குது?"

அவள் சிரித்துவிட்டாள். அப்போது சிரிக்க முடிந்தது.

எல்லையில் நிலைமை சுமுகமாக இருக்கிறது என்று அந்த மாதம் முழுக்க டிவி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கே நெருப்பே இல்லை என்று தினமும் வந்து கதவைத் தட்டிச் சொல்கிறார்களோ, அங்கே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தேடவேண்டும். ஆனால் அவள் வீட்டில் எல்லோரும் வாசலில் மாட்டப்போகிற பெயர்ப்பலகைக்கு எழுத்து தங்க நிறமா வெள்ளி நிறமா என்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. புதிதாகத் தேர்வான பல் டாக்டர்கள், பயிற்சிக்கு முன்பே பக்கத்து ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய் உதவ வேண்டுமாம். அவள் இல்லாமல் ராணுவத்துக்கு ஒரு நாள்கூட ஓடவில்லை என்று அப்பா தெருவுக்கே விளக்கம் கொடுத்தார்.

முகாம் ஒரு உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. தரையில் பேட்மின்டன் கோடுகள். கோடுகளுக்கு மேல் வரிசையாகப் பல் நாற்காலிகள். மூலையில் தாடையைச் சுற்றிவந்து படம் எடுக்கிற எக்ஸ்ரே மிஷின். வெளியே சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பையன்கள் மதில் ஓரமாக வளைந்து வளைந்து நின்ற வரிசைக்கு முடிவே தெரியவில்லை. பொறுப்பில் இருந்த மேஜரும் பல் டாக்டர்தான். மெலிந்த மனிதர், மிருதுவான குரல், எல்லோரையும் வாங்க போங்க என்பவர். அவர் யாரையாவது அதட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

முதலில் உட்கார்ந்த பையனுக்குக் கடைவாயில் பெரிய சொத்தை. அவள் பழக்கதோஷத்தில் அதைச் சுத்தம் செய்யக் கருவியை எடுத்தாள். மேஜர் வந்து அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். இங்கே வைத்தியம் கிடையாது, முத்தின ஈறு நோய் இருந்தால் மட்டும் தகுதி இல்லை, மற்றபடி எது எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லிப் பதிவு செய்தால் போதும் என்றார். அடுத்தவன் பற்பசை விளம்பரத்தில் வருகிறவன் போலப் பளிச்சென்று வாயைத் திறந்தான். மேஜர் எட்டிப் பார்த்து வருத்தப்பட்டார். இப்படி ஒரு குறையும் இல்லாத வாய்தான் ரொம்பத் தொந்தரவாம். ஒரு கோணல், ஒரு ஓட்டை இருந்தால் நன்றாக இருக்குமாம்.

எதற்கு நன்றாக இருக்கும் என்று தேநீர் இடைவேளையில் அவள் கேட்டாள். மேஜர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

"கடைசியில மிஞ்சறது அதுதானே டாக்டர். துணி எரிஞ்சிடும். முகம் இருக்காது. பல்லு இருக்கும். யாரு யாருன்னு பிரிச்சு வீட்டுக்கு அனுப்பணும் இல்லையா? வேற எதுக்கு இவ்வளவு பல் டாக்டரை எடுப்போம்னு நினைச்சீங்க?"

பிஸ்கட் உடைந்து தேநீரில் விழுந்தது. அவர் அதை ஸ்பூனால் பொறுமையாக எடுத்துச் சாப்பிட்டார். வேறு வருஷங்களில் இந்த வேலை இவ்வளவு அவசரமாக நடந்ததில்லை என்றும், ஆனால் டிவி சொல்கிற மாதிரி எல்லாம் சுமுகமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் பயிற்சிக்குப் போகப்போவதில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். முதல் நாளில் எல்லோருக்கும் வயிற்றைப் புரட்டத்தான் செய்யும் என்றார் சித்தப்பா. மேஜரே பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தாரா என்பதுதான் அப்பா காதில் விழுந்தது. தம்பியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ராணுவம் கீணுவம் என்று அவன் வாயிலிருந்து இனி ஒரு சொல் வரக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். தன் தலையில் அல்ல, அவள் தலையில். மறுநாள் நண்பனைப் பார்க்க வெளியூர் போகிறேன் என்றான்.

மறுநாள், முகாமை மட்டும் முடித்துக் கொடுக்கப் போயிருந்த அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சட்டை கையில் இருந்தது.

"வணக்கம் மேடம்" என்றான்.

"எந்திரிச்சுப் போடா."

"ஓட்டம், எழுத்து எல்லாம் போன வாரமே பாஸ். இப்ப கண்ணு பாஸ். நீ மட்டுந்தான்க்கா பாக்கி."

பக்கத்தில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னாள். ரோஜா நிறத்தில் ஈறு, ஒழுங்கான பல்வரிசை. கீழ்த்தாடையில் ஒரே ஒரு வெள்ளி அடைப்பு. அது அவள் போட்டது. கடைசி வருஷப் பரீட்சைக்கு நோயாளி கிடைக்காமல் அவள் அலைந்தபோது, தம்பிதான் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். கருவி வழுக்கி, அடைப்பின் நடுவில் பள்ளம் ஆழமாகி, ஓரத்தில் ஒரு தடிப்பு விழுந்துவிட்டது. பேராசிரியர் அதைப் பார்த்து, இது பல்லா பாறாங்கல்லா என்று கேட்டார்.

அவள் எழுத்தரிடம் சொன்னாள்: "ஈறு நோய். முத்தின நிலை. தகுதி இல்லை."

எழுத்தர் எழுதினார். தம்பியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லாமல் அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"இதுவும் இல்லைன்னா வீட்டுக்கு எந்த மூஞ்சியோடக்கா போவேன்?"

"இருக்கிற மூஞ்சியோட போ."

மேஜர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. இளம் வயதில் ஈறு நோயா என்று கவலையோடு கேட்டு, கையுறை மாட்டி, தானே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இந்த அடைப்பு யாருடைய கைவேலை என்று விசாரித்தார். வாயில் கண்ணாடி இருந்தபடியே தம்பி பெருமையாக, "அக்காதான் சார்" என்றான்.

மேஜர் எழுத்தரைப் பார்த்து, வேறு புதுத் தாள் எடுக்கச் சொன்னார். அவளிடம் கோபப்படவே இல்லை. எல்லோரும் ஒரு தடவை இப்படி எழுதத்தான் செய்வார்கள், நானும் எழுதினேன் என்றார். யாருக்காக, அந்த ஆள் என்ன ஆனார் என்பதை அவர் சொல்லவில்லை.

"நான் பயிற்சிக்கு வரல சார். வேலையும் வேண்டாம்" என்றாள்.

"தாராளமா. யாரும் கட்டாயப்படுத்தமாட்டோம். ஆனா தம்பி போவாரு. அவருக்குப் பிடிச்சிருக்கு." மேஜர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "நாளைக்கு ஒரு தட்டுல இந்தப் பல்லு வருதுன்னு வைங்க. வரவேண்டாம், ஒரு பேச்சுக்கு. மத்த டாக்டருங்க படத்தை வச்சு ஒப்பிட்டு, இவரா அவரான்னு மாசக்கணக்கா இழுப்பாங்க. இல்ல, வேற யாரையோ உங்க வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பார்த்த உடனே சொல்ற ஆளு ஒருத்தர்தான் இருக்காங்க. நீங்க எங்க இருக்கணும்னு நீங்களே பாத்துக்கங்க."

இவ்வளவையும் அவர் தம்பிக்கு முன்னால்தான் சொன்னார். தம்பி கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பல்லைப் பற்றிய பேச்சு அது என்று அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருந்தாலும், அப்பாவுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கப்போகிறவன் காதில் அது ஏறியிருக்காது. மேஜர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். எழுத்தர் புதுத் தாளைப் பிரித்து, பேனாவைத் தயாராகப் பிடித்தபடி காத்திருந்தார். வரிசையில் அடுத்து நின்றவன் கால் மாற்றி நின்றான்.

"வாயைத் திற" என்றாள்.

மேல்தாடை வலது பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் குரல் அவளுக்கே யாரோ வாசிப்பது போலக் கேட்டது. அந்த அடைப்புக்கு வந்ததும், ஒரு அடைப்பு இருக்கிறது என்று மட்டும் எழுதிய எழுத்தரை நிறுத்தினாள். நடுவில் பள்ளம் வழக்கத்தைவிட ஆழம் என்று எழுதச் சொன்னாள். கன்னத்துப் பக்க ஓரம் தடிப்பு. தடிப்பு பின்பக்கமாகச் சரிகிறது. சரிவில் கருவி வழுக்கிய கீறல் ஒன்று. இதையெல்லாம் எழுத இடம் இல்லை என்றார் எழுத்தர். ஓரத்தில் எழுதுங்கள் என்றாள். ஊசி முனையால் அந்தக் கீறலைத் தொட்டு, அது எதுவரை போகிறது என்று பார்த்தாள்.

"வலிக்குதாடா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். சிரிக்கவும் பார்த்தான்.

"ஆடாத" என்றாள். "இன்னும் அகலமா."