மூன்றாவது கிலோமீட்டரில் நிற்கும் வண்டி

1

இந்தக் கதை எனக்கு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றில் கிடைத்தது. நான் வாங்கப் போனது பிரேக் கட்டை. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பிளக் கேட்டார். கடைக்காரர் அம்மாசி பெட்டியை எடுக்காமலே சிரித்தார்.

"அண்ணே, இந்த வாரத்துல இது மூணாவது பிளக்குலா. எஞ்சின் அத கடிச்சுத் திங்குதா?"

"குடுப்பா. போட்டா ஓடுது."

"ஓடுதா? அப்புறம் ஏன் திரும்பி வர்றீங்க?"

அந்த மனிதர் பிளக்கைச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் ஒருமுறை உள்ளங்கையை அழுத்திக்கொண்டு வெளியேறினார். திருநீற்றுப் பொட்டலத்தை அப்படி வைத்துக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

நான் பார்த்தது இவ்வளவே. மீதி யாவும் புனைவு. அவருக்குப் புவனேஸ்வரன் என்று பெயரிட்டேன்.

2

தொடக்கத்தை மும்முறை எழுதினேன். முதலாவது:

"கார்முகில் முழங்கி ஓய்ந்தாற்போல், களிறு பிளிறி அயர்ந்தாற்போல், அவ்வூர்தி —"

பழம்பாட்டில் வளர்ந்த கை, ஊர்தி என்றதும் யானையைக் கொண்டுவந்து கட்டிவிடுகிறது. இருபத்தெட்டு வயதான மோட்டார் சைக்கிள் அவ்வுவமையைத் தாங்காது. அடித்தேன். இரண்டாவது:

"புவனேஸ்வரன் கைராசி இல்லாதவர் என்று ஊரே —"

ஊர் அப்படிச் சொன்னதில்லை, அவரே நினைத்துக்கொண்டது. இதையும் அடித்தேன். மூன்றாவது நின்றது:

வண்டி மூன்றாவது கிலோமீட்டரில் நிற்கும்.

3

பீடோங்கின் ஓரத்திலிருந்த அவர்கள் வீட்டிலிருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பாலர் பள்ளி ஏழு கிலோமீட்டர். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருடைய மனைவி உமாராணி அங்கே உதவி ஆசிரியையாகச் சேர வேண்டும். (கெடாவில் பள்ளி வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது, வெளி மாநில வாசகர் குழம்ப வேண்டாம்.) பதினாறு ஆண்டுகள் தொழிற்சாலையில் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கியவள், நாற்பத்தோராம் வயதில் மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் பெற்றவள். பள்ளியின் பொறுப்பாளர் பிரேமாவதி தொலைபேசியில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்.

"மொத நாளே லேட்டா வந்தா, லிஸ்டுல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன்மா. கோவிச்சுக்காதீங்க. அதுவரைக்கும் பிள்ளைங்கள யாரு பாத்துக்குவா?"

அந்தத் தோட்டத்துக்குப் பஸ் கிடையாது. வாடகைக் கார் அந்நேரத்தில் அந்தச் செம்மண் சாலைக்கு வராது. [அடுத்த வீட்டு அய்யாவுவின் மோட்டாரை இரவல் கேட்கலாமே என்பீர்கள். அவர் அதில்தான் விடியற்காலை வேலைக்குப் போகிறார். அந்த வழியை நானே அடைத்தேன். கதை நடக்க வேண்டுமே.]

எஞ்சியது புவனேஸ்வரனின் பழைய மோட்டார். வீட்டு வாசலில் இரண்டாம் உதைக்கே உயிர் பெறும். மூன்றாவது கிலோமீட்டரில், செம்பனைக் குலைகளை எடைபோடும் நிலையத்தின் முன், இருமி நிற்கும். அவர் இறங்குவார். டாங்கி மூடியைத் திறந்து, பெட்ரோல் உண்டா என்று எட்டிப் பார்ப்பார். மூடுவார். பழைய பிளக்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டி உதைப்பார். வண்டி ஓடும். ஆகவே குற்றம் பிளக்கினுடையது.*

*வாசகருள் கைதேர்ந்தவர் இந்நேரம் சிரித்திருப்பார். அருள்கூர்ந்து பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

4

சனிக்கிழமை காலை கார்புரேட்டரைக் கழற்றினார். கைப்பேசிக் காணொளியில் ஒருவர் வேகமாகக் கழற்றிக் காட்டினார். பூட்டும் பகுதி அதனினும் வேகமாக ஓடிற்று. எல்லாம் பூட்டி முடித்தபின் ஒரு திருகாணி மிஞ்சியது.

அய்யாவு வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சம் வருதுனா, கம்பெனிக்காரன் தெரியாம ஒண்ணு கூட வச்சிட்டான் போல அண்ணே."

"வாய மூடிக்கிட்டு டார்ச்சப் புடிடா."

"பட்டப்பகல்லயா?"

அரைமணி நேரம் தேடியபின் திருகாணியின் இடம் அகப்பட்டது.

[இங்கே நான் புவனேஸ்வரனைச் சந்தேகித்தேன். ஏன் இவர் மெக்கானிக்கிடம் போகவில்லை? "அவர் பிடிவாதக்காரர்" என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக ஒலித்தது. பதினாறு ஆண்டுகள் தொழிற்சாலை பஸ்ஸில் இடிபட்டுப் போனவளை, இந்தப் புதிய வாசலில் தம் கையால் செப்பனிட்ட வண்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆசை என்றால் சிறிதாகத் தெரியும், நேர்த்திக்கடன் என்கிறேன்.]

5

மாலையில் வெள்ளோட்டம். உமாராணி பின்னால் அமர்ந்தாள். எடை நிலையம் வந்தது. வண்டி இருமியது, நின்றது.

புவனேஸ்வரன் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் மூடிவிட்டு, மூன்றாவது பிளக்குக்காகச் சட்டைப் பையைத் தொட்டார்.

"இருங்க," என்றாள் உமாராணி. "பிளக்க மாத்தாதீங்க. அப்படியே உதைங்க."

"செத்துப்போன பிளக்குல எப்படி —"

"உதைங்கலா."

உதைத்தார். ஓடியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அத்தனை பிளக்கும் குற்றமற்றவை.

"மூடியத் தொறந்தாத்தான் ஓடுது. அதுக்கு மூச்சு முட்டுதுங்க."

6

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு இரண்டு நாள் எழுதாமலிருந்தேன்.

டாங்கி மூடியில் காற்றுப் புக ஓர் ஊசித்துளை உண்டு. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் கூடி, பெட்ரோல் கீழே இறங்க மறுக்கும். திறந்து மூடினால் இன்னும் சில கிலோமீட்டர் ஓடும். சரி, அடைத்தது எது? குளவி மண் என்று எழுதினேன். துரு என்று எழுதினேன். இரண்டும் நான் புளுகியவை. நம்மவர் வீட்டு மோட்டாருக்கு நெற்றி எது என்று எனக்குத் தெரியும். வெள்ளிதோறும் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சந்தனம் குழைத்து, உமாராணி பொட்டு வைப்பது அந்த மூடியின் நடுவில்தான். ஆண்டுக்கணக்கில் பொட்டின் மேல் பொட்டு.

பதிகம் பாடாமல் பசியாறாதவன் நான். சந்தனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. ஆயினும், சந்தனத்தைக் காக்கக் குளவியின் மேல் பழி போடுவது எந்தத் தெய்வத்துக்கும் உவப்பாயிராது. எழுதுகிறேன்:

வீடு திரும்பியதும் உமாராணி தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து, மூடியின் மேல் இறுகிப் போயிருந்த மஞ்சள் ஓட்டைச் சுரண்டினாள். துளை தெரிந்தது.

"நீ வச்ச சந்தனம்," என்றார் புவனேஸ்வரன், வாரம் முழுதும் சேர்த்து வைத்த குரலில்.

"நான் வச்சது ஒரு பொட்டு. நீங்க வாங்குனது மூணு பிளக்கு. எது பெரிய தப்புன்னு சாமிக்கிட்டயே கேட்போமா?"

வேலிக்கு அப்பாலிருந்து அய்யாவு குரல் கொடுத்தார்: "பையில இருக்கற புதுசு எனக்குக் குடுங்கண்ணே. நான் அதுக்குப் பொட்டு வச்சிக்கிறேன்."

புவனேஸ்வரன் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தார். சற்று நேரத்தில் புதுச் சந்தனம் முன்விளக்கின் மேல் ஏறியது. தெய்வம் இடமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டதாகவே கொள்கிறேன்.

7

ஞாயிறு, காலை ஆறரை.

இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் டயர் வெடிக்கிறது, அது இரக்கமற்றது. மற்றதில் பிரேமாவதி மாலையோடு வாசலில் நிற்கிறார், அது திருவிழா. இரண்டையும் அடித்தேன். எழுத முடிந்தது இவ்வளவே:

எடை நிலையம் நெருங்கியதும் புவனேஸ்வரனின் வலக்கை தானாகத் தளர்ந்தது. எஞ்சின் சீராகத்தான் இருந்தது. அவர்தான் நிற்பதற்கு ஆயத்தமானார்.

"ஏன் மெதுவா போறீங்க?"

"இங்கதான் நிக்கும்."

"அது மறந்துருச்சுங்க. நீங்களும் மறங்க. முறுக்குங்க."

முறுக்கினார். நிலையம் பின்னால் போயிற்று. வாரமெல்லாம் பிளக் மாற்றி வீட்டுக்கே திரும்பிப் பழகியவருக்கு நான்காவது கிலோமீட்டர் வேற்றூர் போலிருந்தது. அரையிருளில் ஜெராய் மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. செம்மண் ஈரமாய் மணத்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல்.

"வணக்கம் பிள்ளைகளே. நான்தான் உங்க புது டீச்சர்."

சற்றே நின்று, "வணக்கம் கண்ணுங்களா."

பிறகு, "என் பேரு உமாராணி. உங்க பேரெல்லாம் என்னா?"

பிறகு மறுபடி முதலிலிருந்து.

அவளும் தொடக்கத்தை அமைத்து அமைத்து அடித்துக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. [கேட்டார்.]

மணி ஆறு நாற்பது. இன்னும் இரண்டு கிலோமீட்டர். வண்டியை அந்த வாசலில் கொண்டு நிறுத்த நான் துணியவில்லை. நிறுத்தினால் அவள் இறங்கி, வகுப்பின் கதவைத் திறந்து, அவ்வாக்கியங்களுள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எது என்று நான் தேர்ந்து தருவது முறையன்று.

பள்ளியின் உள்ளே பாயில் இருபத்திரண்டு பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். நீங்களும் போய் ஓர் ஓரமாக உட்காருங்கள். அவர்கள் சத்தம் போடுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே மோட்டார்ச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.