மைக்கைப் பிடித்துக் குறட்டை விட்ட பெடல்

மருந்துக்கடையில் வேலை பார்த்த அவளை வாடிக்கையாளர்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அக்காவுக்குக் கிடார் பைத்தியம் பிடித்தது. அதிலும் சாதாரணச் சத்தம் போதாது. துருப்பிடித்த ஷட்டரை இழுப்பதுபோல் உறும வேண்டும். காலால் மிதித்தால் அந்த உறுமலைத் தரும் சின்னப் பெட்டியான பெடலைத் தானே செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள். இருபது வருடம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவளுக்கு ஒரு சர்க்யூட் படம் எம்மாத்திரம்!

படத்தில் இரண்டே டிரான்சிஸ்டர்கள் இருந்தன. "ரெண்டு மாத்திரை சேர்த்துப் போட்டா சீக்கிரம் குணமாகிடாது" என்று நாள் முழுக்க ஊருக்கு உபதேசம் செய்பவள், வரிசையாக ஆறு டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்தாள். கணவர் தையல்காரர், முன்னறையில்தான் தைப்பார். அவருடைய பிளாஸ்டிக் பொத்தான் டப்பாவைக் காலி செய்து, எல்லாவற்றையும் அதற்குள் திணித்தாள். அவர் பொத்தான்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை பெடலை மிதித்தாள். கம்பியைத் தட்டினாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள்:

"பதினேழு, எங்க இருக்கீங்க? கஸ்டமர் காத்துட்டிருக்காங்க."

கணவர் கத்திரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார்.

"யாரும்மா உள்ள?"

"தெரியலைங்க. நான் ஈ மைனர்தான் வாசிச்சேன்."

மறுபடி தட்டினாள். இந்த முறை உறுமல் வந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. நடுவில் அதே பெண் எரிந்து விழுந்தாள்: "யாருப்பா அது, மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குறட்டை விடுறது?"

அக்கா உற்சாகத்தில் அரைமணி நேரம் குறட்டை விட்டாள்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒன்பது டாக்ஸிகள். முதல் வண்டியிலிருந்து இறங்கினாள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி. டாக்ஸி கம்பெனியில் ஒயர்லெஸ்ஸில் வண்டிகளை அனுப்புகிறவள்.

"எங்க ஒயர்லெஸ்ல புகுந்தது நீங்கதானா? சத்தம் எங்க கூடுதுன்னு பார்த்துப் பார்த்தே வந்து சேர்ந்தோம்." பெடலைத் தூக்கிப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "பிளாஸ்டிக்கா? அலுமினிய டப்பால வைக்கணுங்க. இல்லன்னா கண்டதும் உள்ள வரும், கண்டதும் வெளிய போகும்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போது பதினேழாம் வண்டிக்காரர், ஆஜானுபாகுவான மனிதர், கூச்சத்தோடு முன்னே வந்தார்.

"அக்கா, கடைசியா ஒண்ணு வாசிச்சீங்களே, அதை இன்னொரு தரம்…"

"உங்க கஸ்டமர் என்ன ஆனாங்க?" என்று சீறினாள் ஒயர்லெஸ்காரி.

"வண்டியிலதான் இருக்காங்க. அவங்கதான் கேக்கச் சொன்னாங்க."

அக்கா வாசித்தாள். தெருவில் ஒன்பது வண்டிகளும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒயர்லெஸ் வழியே ஒரே குரலில் உறுமின. பதினேழாம் வண்டியின் பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்திருந்த அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டினாள். ஒயர்லெஸ்காரி ஐந்து நிமிடம் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

அன்று மாலையே பதினேழாம் வண்டிக்காரர் அலுமினிய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அவரே துளையும் போட்டுக் கொடுத்தார். பெடல் அதற்குள் போனதும் டாக்ஸிப் பேச்சு அடங்கிவிட்டது. உறுமல் மட்டும் சுத்தமாக, அக்கா ஆசைப்பட்டபடியே வந்தது.

"இதுக்குத்தானா இத்தனை பாடு?" என்றார் கணவர்.

"இதேதாங்க" என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பெட்டிக்கார அம்மாள் இறங்கி வந்து, தையல் மிஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "ம், ஆரம்பிங்க" என்றாள்.