நீலக்கொம்பனின் நாற்பதாம் திரை

நாகேஸ்வரி விசிறிக்கொண்டிருந்த தாளின் பின்பக்கத்தில் ஓர் ஆடு பறந்துகொண்டிருந்தது. கொம்புகள் நீலம். வயிறு விரித்த குடையைப்போல உப்பியிருந்தது. பிணத்தின் தலைமாட்டில் இருந்த குணலட்சுமி, ஒப்பாரிக்காகத் தன்னைக் கட்டிப்பிடித்திருந்த இரண்டு பெண்களின் கைகளையும் விலக்கிக்கொண்டு எழுந்தாள். அயல்வீட்டுக்காரியின் கையிலிருந்து அந்தத் தாளைப் பறித்தாள்.

"என்ன குணமக்கா, வேர்க்குதெண்டு விசுக்கினன்..."

"உது எங்கையிருந்து வந்தது?"

"மரண அறிவித்தல்தானே. உங்கடை அண்ணர்தான் நேற்றுப் பின்னேரம் வீடுவீடாக் குடுப்பிச்சவர்."

குணலட்சுமி தாளைத் திருப்பினாள். அச்செழுத்துகள் அணிவகுத்து நின்றன. இறந்தவருக்கு ஒரு வரி: உடுவில் சீவரத்தினம். அவ்வளவே. இருப்பவர்களுக்கோ பதினொரு வரிகள்! சமாதான நீதவானும் ஆலய பரிபாலன சபைத் தலைவருமாகிய முருகேசுவின் அன்பு மைத்துனர். பொறியியலாளர் நடராசாவின் பாசமிகு சகலன். இன்னும் யார் யாரோ. வாழ்ந்த நாளெல்லாம் இந்தப் பட்டங்களின் நிழல்கூடத் தன்மேல் விழாமல் ஒதுங்கி நடந்த மனிதன், செத்த அன்றே அவற்றைச் சுமக்கும் கழுதையாக்கப்பட்டிருந்தான்.

பந்தலின் கீழ் முருகேசு பட்டுச்சால்வையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"அண்ணை, இவரின்ரை படத் தாளுகளை ஆர் எடுத்தது?"

"மெல்லக் கதை. சனம் நிக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ளை பிரஸ்சிலை ஒரு துண்டுத் தாள் இல்லையாம். இது நல்ல மொத்தத் தாள், ஒரு பக்கம் வெறுமையாக் கிடந்தது. மற்றப் பக்கம் என்ன, ஆட்டுக் கிறுக்கல்தானே. எத்தினை பேர் வீட்டிலை செத்த வீட்டுக்கு நோட்டீஸ் அடிக்க வழியில்லாமல் இருக்கினம். நீ சந்தோசப்படு."

"நாப்பது தாளும்?"

"நாப்பதும்தான். போய் இரு, ஐயர் வரப்போறார்."

ஆட்டுக் கிறுக்கல்! ஊரே அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தது. கொழும்பில் படவரைஞராக இருந்த காலத்தில், லண்டனிலிருந்து மகன் அனுப்பிய சின்னக் கொம்பியூட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி, சீவரத்தினம் ஒரு விளையாட்டை அமைக்கத் தொடங்கினார். அதில் வீரன் ஓர் ஆடு, பெயர் நீலக்கொம்பன். வாளில்லை, துவக்கில்லை. எதைத் தின்கிறதோ அதன் குணம் அதற்கு வரும். குடையைத் தின்றால் பறக்கும். மணிக்கூட்டைத் தின்றால் நேரம் பின்னால் ஓடும். மேடைப் பேச்சாளரின் குறிப்பைத் தின்றால், அது கத்தக் கத்த எதிரிகளெல்லாம் தூங்கிவிழுவார்கள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு சேர்ந்து பெட்டியும் எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறை வந்திறங்கிய மனிதர், கட்டம்போட்ட தாளில் முதல் திரையிலிருந்து மறுபடி வரையத் தொடங்கினார். ஒரு தாள் ஒரு திரை, ஒரு கட்டம் ஒரு புள்ளி. புள்ளி புள்ளியாக நிறம் தீட்டி, ஒவ்வொரு மூலையிலும் இலக்கமிட்டு, ஒன்பது வருடம்.

"கரண்ட் இல்லாத ஊரிலை கொம்பியூட்டர் விளையாட்டாம்!" என்று கோயில் வீதியில் வைத்துச் சிரித்தார் முருகேசு. கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். தேர்த்திருவிழா உபயத்துக்கு அடிபட்டு ஆளுக்காள் வழக்குப் போட்டவர்கள், ஒரு பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கிடப்பதைப் பத்து வருடமாகக் காணாதவர்கள், அந்த ஒற்றை மனிதனின் பென்சிலை மட்டும் உற்றுப் பார்த்துச் சிரித்தார்கள்.

குணலட்சுமியும் சிரித்தவள்தான். அதை அவள் தனக்கு ஒளிக்கவில்லை. மகன் எழுதியிருந்தான்: 'அப்பா, முடிஞ்ச உடனை ஆரிட்டையாவது குடுத்தனுப்புங்கோ. நான் இஞ்சை ஓடவைச்சுக் காட்டுறன்.' கிளாலியில் படகேறிக் கொழும்புக்குப் போக இருந்த ஒருவரிடம் வருகிற செவ்வாய் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நேற்றுக் காலை சீவரத்தினம் குசினி வாசலில் வந்து நின்றார்.

"குணம், கடைசித் திரை. ஆடு என்னத்தைத் தின்ன வேணும், சொல்லு."

"உங்களைத் தின்னட்டும். ஈர விறகோடை நான் படுற பாடு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அவளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலம் கழித்து அறையிலிருந்து குரல் வந்தது. "முடிஞ்சுது. வந்து பார்."

"வாறன், வாறன்."

அவள் போனபோது பென்சில் நிலத்தில் கிடந்தது. தலை மேசையில் கிடந்தது.

இப்போது பந்தலில் முருகேசு இரங்கலுரையைத் தொடங்கிவிட்டார். "சித்திரத்திலே சிகரம் தொட்ட செம்மல்! எனது மைத்துனரின் கலைத்திறனை முதன்முதலில் இனங்கண்டு ஊக்கமளித்தவன் என்ற வகையிலே..."

குணலட்சுமி பந்தலுக்குள் இறங்கினாள். ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டினாள்.

"அந்த நோட்டீசைத் தாங்கோ."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"தாங்கோ."

ஒருவர் அதில் வெற்றிலை பாக்குச் சுற்றி வைத்திருந்தார். அவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கொடுத்தார். பொறியியலாளர் நடராசா கதிரையில் தூசு என்று அதை விரித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"எழும்புங்கோ."

"மச்சாள், கூட்டம் நடக்குது..."

"நீங்கள் மணிக்கூட்டுக்கு மேலை இருக்கிறியள். எழும்புங்கோ."

பொறியியலாளர் எழுந்து, தன் ஆசனத்தைத் திகைப்போடு பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமலால் சிரிப்பை மூடினார்கள்.

"பாவம், ஞாபகத்துக்குச் சேர்க்கிறா," என்றாள் ஒருத்தி.

"மூளை பிசகிப்போச்சு," என்றாள் மற்றவள்.

முருகேசுவின் உரை ஒருகணம் தடுக்கிற்று. தங்கை அவர் கையிலிருந்த தாளையும் உருவிக்கொண்டாள். அதன் ஓரத்தில்தான் அவர் தம் பேச்சுக்குக் குறிப்பு எழுதியிருந்தார். அதன்பிறகு செம்மலைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. உரை சுருங்கி முடிந்தது.

பறை முழங்கிற்று. பாடை போயிற்று. கிணற்றடியில் பெண்கள் வளவுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார்கள். குணலட்சுமி விறாந்தையில் இருந்து தாள்களை இலக்கப்படி அடுக்கினாள். வீடுகளுக்குக் கொடுக்காமல் மிஞ்சியவையும் சேர்ந்து முப்பத்தொன்பது. கடைசி இலக்கம் மட்டும் இல்லை.

சுடலைக்குப் போகாமல் நின்ற அச்சகக்காரன் தேவராசா தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அக்கா, நான் என்ன எண்டு தெரியாமல் அடிச்சிட்டன். ஒண்டைச் சந்தி மதிலிலை ஒட்டச் சொன்னவர் உங்கடை அண்ணர். கூட்டமாச் சனம் போற இடமாம்."

அவள் அடுக்கிய தாள்களோடு எழுந்து நடந்தாள்.

"குணமக்கா! படலை தாண்டப்படாது! ஆம்பிளையள் சுடலையாலை வரேல்லை, ஊர் என்ன சொல்லும்?" என்று நாகேஸ்வரி பின்னால் கத்தினாள்.

ஊர்! காலையில் நாலு பெண்கள் பிடித்து அவள் கையின் இரண்டு காப்புகளையும் கழற்றியபோது, அந்த ஊர் சுற்றிநின்று பார்த்தது. ஒன்பது வருட உழைப்பின் முதுகில் தன் பட்டங்களை அச்சடித்துக்கொண்டதும் அதே ஊர்தான். இனி அது சொல்வதற்கு என்ன மிச்சம்? அவள் படலையைத் திறந்தாள். மூடாமலே போனாள்.

சந்தி வெறிச்சோடிக் கிடந்தது. மதிலோரம் ஓர் ஆடு பின்னங்கால்களில் எழும்பி நின்றது. யாருடையதோ கறுத்த ஆடு; கழுத்தில் அறுந்த கயிறு. மரவள்ளிமாப் பசையின் ருசி அதற்குப் பிடித்துவிட்டது. அறிவித்தலைக் கீழிருந்து தின்றுகொண்டு வந்தது. முதலில் பொறியியலாளர் போனார். பரிபாலன சபை போயிற்று. சமாதான நீதவானை நிதானமாக மென்றது.

"சூ!" என்றபடி குணலட்சுமி மதிலடிக்கு ஓடினாள்.

ஆடு இன்னும் ஒருதரம் எட்டி இழுத்தது. தாள் கிழிந்தது. மேலே மிஞ்சியது ஒரு சிறு துண்டுதான். ஒரு சாண் இருந்தது. அதில் அவர் பெயர். பசையைக் கஞ்சத்தனமாக மூலைகளில் மட்டும் தொட்டிருந்தார்கள். அவள் நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்து, திருப்பிப் பார்த்தாள்.

திரையின் மேல்பகுதி. மூலையில் நாற்பது என்ற இலக்கம். அடுப்புப் புகைபோலச் சாம்பல் நிறத்தில் சில கட்டங்கள். அதற்குள்ளிருந்து ஒரு கை கீழ்நோக்கி நீண்டிருந்தது. இரண்டு காப்புகள், மஞ்சளில், புள்ளி புள்ளியாக. அந்தக் கை எதையோ ஆட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் தொடங்கும் இடத்தில் தாள் முடிந்திருந்தது.

தூரத்தில் சுடலைப் பக்கமிருந்து பறை கேட்டது. அவள் அந்தத் துண்டை மற்ற முப்பத்தொன்பதின் அடியில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆடு மதிலை விட்டிறங்கி, மென்றபடி அவளிடம் வந்தது. அவள் மற்றக் கையை நீட்டினாள். காப்பில்லாத அந்தக் கையை ஆடு முகர்ந்துகொண்டு நின்றது.