குண்டு போட அனுமதியுள்ள தோட்டம்

போன ஆடி மாதத்திலிருந்து, உலகத்தில் சட்டப்படி குண்டு போட அனுமதியுள்ள ஒரே இடம் பாகலூரைத் தாண்டி இருக்கும் சம்பங்கியின் கோஸ் தோட்டம்தான். போர் நடப்பது கடல் தாண்டி எங்கோ இருக்கும் இரண்டு நாடுகளுக்கு இடையில். அவற்றின் பெயரைத் தமிழில் ஒரு மாதிரியும் கன்னடத்தில் ஒரு மாதிரியும் தெலுங்கில் வேறு மாதிரியும் சொன்னதால், குழப்பம் வேண்டாமென்று ஊரில் மேல்நாடு, கீழ்நாடு என்றே வைத்துக்கொண்டார்கள். விமானங்கள் மேல்நாட்டுடையவை. அந்நாட்டு மந்திரிகள் எதிரியின் தலைநகரத்தில் குண்டு போடக் கூடாது என்றார்கள். துறைமுகத்தில் போட்டால் மூன்றாம் நாட்டுக் கப்பல் சேதமாகும், அணையில் போட்டால் பத்திரிகைகள் திட்டும் என்றார்கள். ஒரு மந்திரியின் சம்பந்தி சிமெண்ட் ஆலை வைத்திருந்ததால் ஒரு மாவட்டமே விலக்கப்பட்டது. கீழ்நாடு முழுவதும் இப்படிக் கழிந்துபோக, ஆட்சேபம் சொல்ல ஆளில்லாத இடம் எது என்று உலகப் படத்தில் தேடியபோது சம்பங்கியின் இரண்டு ஏக்கர் மிஞ்சியது. போரை நிறுத்தலாமே என்று யாரோ கேட்டதற்கு, அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை என்று பதில் வந்தது.

சம்பங்கி புருஷனை இழந்தவள். மகள் கவிப்ரியா ஓசூரில் கியர் செய்யும் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தாள். முதல் குண்டு விழுந்தபோது பக்கத்தில் யாரோ தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள் என்றுதான் சம்பங்கி நினைத்தாள். பிறகு மேல்நாடு ஓசூரில் ஓர் ஆபீஸ் திறந்து, கழுத்தில் அட்டை மாட்டிய சுரேந்தர் என்ற பையனை வேலைக்கு வைத்தது. அவன் தினமும் பைக்கில் வந்து, "அக்கா, நாளைக்கு டிபன் நேரத்துக்கு வருவாங்க. மாட்ட அவுத்து அந்தாண்ட கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். சொன்ன நேரத்துக்கு விமானங்கள் வந்தன. குண்டுகள் ஒழுங்காக விழுந்தன. ஒரு சில்லுகூட வரப்பைத் தாண்டவில்லை. தாண்டப்போன சில்லுகள் அந்தரத்தில் ஒரு கணம் நின்று, தப்பை உணர்ந்ததுபோலத் திரும்பித் தோட்டத்துக்குள்ளேயே விழுந்தன. சத்தத்துக்கு மட்டும் தடையில்லாததால் அது கர்நாடகம்வரை போய்வந்தது. கோஸ் விலை அந்த மாதம் சுமார்தான்.

கீழ்நாடு சும்மா இருக்கவில்லை. குண்டு விழும் இடத்தைத் தன் மண்ணாகவே பாவித்து, அதைக் காக்க ஏவுகணை வண்டி ஒன்றையும் மூன்று சிப்பாய்களையும் அனுப்பியது. சம்பங்கியின் தோட்டம் முழுக்கக் குழியாக இருந்ததால், வரப்புக்கு அந்தப் பக்கம் மாரம்மாவின் தக்காளித் தோட்டத்தில், வீட்டை ஒட்டி வண்டி நின்றது. மாரம்மா சம்பங்கிக்கு மூத்த ஓரகத்தி. கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் தகராறு வந்து இருவரும் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஏவுகணை வண்டியைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது தாக்கக் கூடாது, வேலை முடிந்த பிறகே தாக்கலாம் என்று மேல்நாட்டில் ஒரு விதி இருந்தது. வேலை முடியும்வரை சுடக் கூடாது என்று கீழ்நாட்டிலும் ஒரு விதி இருந்தது. இரண்டையும் படித்த சிப்பாய்கள் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் முறுக்காமல் விட்டுவிட்டு, தக்காளிக்குத் தண்ணீர் கட்டவும் விமானிகளுக்குக் கையாட்டவும் கற்றுக்கொண்டார்கள்.

தைப் பொங்கலுக்குப் பிறகு சுரேந்தர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். "அக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. அந்த வண்டி வேல முடிஞ்சிதுன்னா, அது மேலதான் போடுவாங்க. உங்க தோட்டத்த வுட்டுடுவாங்க."

"இன்னும் என்னா பாக்கி?"

"ஒரே ஒரு போல்ட்டுதான் அக்கா."

மூன்றாம் போகமும் மண்ணோடு போயிருந்த நேரம் அது. சம்பங்கி மகளிடம் ஒரு பெரிய ஸ்பானர் கொண்டுவரச் சொன்னாள். சிப்பாய்கள் பாகலூருக்கு பிரியாணி சாப்பிடப் போன ஒரு மத்தியானம், அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். வண்டியை நெருங்கும்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாரது அங்க? செத்த வந்து ஒரு கை புடிங்க!"

உள்ளே மாரம்மாவின் புருஷன் வெங்கடசாமி கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர், ஆள் கனம். மாரம்மா தன் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்திருந்தாள். சம்பங்கி ஸ்பானரை வாசலிலேயே போட்டுவிட்டு அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் சேர்ந்து அவரைப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைத் துடைத்து, வேட்டி மாற்றினார்கள். "சம்பங்கியா?" என்றார் அவர். "ஆமா மாமா" என்றாள்.

வாசலில் கிடந்த ஸ்பானரை மாரம்மா பார்த்தாள்.

"போல்ட்ட முறுக்க வந்தியா?"

"ஆமாக்கா."

மாரம்மா ஸ்பானரை எடுத்து அவளிடம் நீட்டினாள். "முறுக்கிக்கோ. எத்தினி நாளைக்கு ஒம் மண்ணு மேலயே வுழும்."

"மாமாவ எங்க கொண்டுபோவ?"

"எங்கயும் கொண்டுபோவ முடியாது. நானும் எங்க போவேன்."

சம்பங்கி வண்டியருகே போனாள். மாட்டை அவிழ்த்துக் கட்டுவதுபோல மாமாவைத் தினமும் அவிழ்த்துக் கட்ட முடியாது என்பது மட்டும்தான் அப்போது தனக்குத் தோன்றியது என்று பின்னாளில் சொன்னாள். போல்ட்டை இடப்பக்கமாகத் திருப்பி, முழுதாகக் கழற்றி, கிணற்றில் போட்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்த மாரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமாடி நீ!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சோறு போட்டாள்.

போல்ட் காணாமல்போனதை அறிந்த சிப்பாய்கள் சம்பங்கிக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்கள். ஓசூர்ப் பட்டறைகளில் எதில் கேட்டாலும் அதைப்போல ஒன்றைக் கையோடு கடைந்து தருவார்கள். ஆனால் உள்நாட்டில் செய்த போல்ட்தான் வேண்டும் என்று கீழ்நாட்டுச் சட்டம் சொன்னது. உள்நாட்டில் போல்ட் செய்யும் ஒரே ஆலையோ, குண்டு விழாத மாவட்டத்தில் இருந்தும், போர்க்கால விடுமுறையில் இருந்தது. அதனால் வண்டி இன்றுவரை பொருத்தப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. சம்பங்கி இப்போது மாரம்மா நிலத்தின் கீழ்ப்பாதியில் கோஸ் போட்டிருக்கிறாள். தினமும் டிபன் நேரத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டி வருகிறாள், மாமாவை ஒரு பக்கம் பிடித்துத் திருப்பிப் படுக்கவைக்கிறாள். பிறகு இரண்டு ஓரகத்திகளும் வாசலில் உட்கார்ந்து கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எத்தனை பங்கு என்று சண்டை போடுகிறார்கள். குண்டு விழும்போது மட்டும், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது என்பதால், நிறுத்திக்கொள்கிறார்கள். புகை அடங்கியதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்கிறார்கள்.