அம்புறோஸுக்கு இடம் கொடாத கதிரைகள்

ஏப்ரல் முதல் ஞாயிறு காலையிலிருந்து பாரிஸின் லா சப்பல் பகுதியில் எந்தக் கதிரையும் அம்புறோஸைத் தன்மேல் உட்கார விடவில்லை. அவர் குனிந்தால் அது பின்னே நகரும். பின்னால் சுவர் இருந்தால் பக்கவாட்டில் விலகும். ரயிலின் மடிப்பு இருக்கைகள் அவரைக் கண்டதும் தாமாகவே மடிந்துகொண்டன. கோயிலின் நீள மரவாங்கு கனமானது, ஒரு சாண்தான் நகர்ந்தது. விழுவதற்கு அது போதும். ரூ பெர்தொனே தெருவில் அவர் கொத்துரொட்டி போடும் கடையில் முதல்நாள் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் பக்கத்தில் வந்தால் தங்கள் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

வினை அவரே தேடிக்கொண்டதுதான். பொபினியில் பிறந்த மகள் தர்மிளா பாரிஸ் பெண்கள் உதைபந்தாட்டக் கழகமொன்றின் இரண்டாவது கோல் காப்பாளர். ஐரோப்பாவை வென்ற அந்தக் கழகம் தென்னமெரிக்காவை வென்ற கழகத்தோடு இறுதியாட்டத்தில் மோதியது. அங்கே ஓர் ஆட்டம், பாரிஸில் ஓர் ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. மூன்று வருடமாக மாற்று ஆட்டக்காரர் வாங்கைத் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இதிலும் இறங்காவிட்டால் பந்தையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஞாயிறு, முதல் ஆட்டத்தன்று காலை, அம்புறோஸ் அந்தோனியார் முன் மெழுகுதிரி கொளுத்தி, "பிள்ளை விளையாட இறங்குமட்டும் நான் கதிரையிலை இருக்க மாட்டன்" என்று நேர்ந்தார். நேர்த்தி வைப்பவர்கள் இன்ன திகதிவரை என்று ஒரு தவணை சொல்வார்கள். பதற்றத்தில் அவர் அதை விட்டுவிட்டார். அந்தோனியாரோ சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்பவர்.

அங்கே நடந்த ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. தொண்ணூறு நிமிடமும் தர்மிளா வாங்கில்தான். அடுத்த ஞாயிறுவரை அம்புறோஸின் கால்கள் வீங்கிக்கொண்டே போயின, சப்பாத்துக்குள் போகவில்லை. கட்டிலில் படுக்க முடிந்தது, விளிம்பில் உட்கார்ந்தால் அது சரித்து விட்டது. நேர்த்தியை மாற்றித் தருவதாகப் பங்குச் சுவாமியார் சொன்னார். அம்புறோஸ் ஒப்பவில்லை. வாக்கை மீட்டால் பிள்ளை வாங்கிலேயே இருந்துவிடுவாள் என்ற பயம் அவரைத் தின்றது.

"நேருறதெண்டால் கோழியொண்டை நேர்ந்திருக்கலாமே. காலை ஏன் குடுத்தனீங்கள்?" என்றாள் மனைவி அற்புதராணி.

தர்மிளா தகப்பனின் வீங்கிய காலைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கத்தினாள். பிறகு தமிழில், "அப்பா, நான் இனிப் பந்தைப் பாக்கிறதோ, உங்கட காலைப் பாக்கிறதோ?" என்றாள். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அம்புறோஸ் மைதானத்தின் பார்வையாளர் வரிசையில் நின்றார். பின்வரிசைக்காரர்கள், உட்காரச் சொல்லி, "அஸ்ஸி! அஸ்ஸி!" என்று கூவினார்கள். அவருடைய இருக்கை திறந்து கொடுத்தால்தானே? இதுவும் ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரம் முடியும் தறுவாயில் முதல் காப்பாளரின் தோள் பிசகியது. பெனால்டி உதைகளுக்கு நிற்கத் தர்மிளா கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அந்தக் கணமே இருக்கை தானாகத் திறந்து அம்புறோஸின் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி அதை மெல்லத் தள்ளினார்.

"கொஞ்சம் பொறு. பிள்ளை நிக்கிறாள்" என்றார்.

அவள் இரண்டு உதைகளைப் பிடித்தாள். இன்னும் ஒன்று பிடித்திருந்தால் கோப்பை கடல் தாண்டிப் போயிருக்காது. எதிரணி ஓடித் துள்ளும்போது தர்மிளா கையுறையைக் கழற்றிவிட்டு, கோல் கோட்டின்மேல் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அம்புறோஸும் உட்கார்ந்தார். கதிரை நகரவில்லை.