ருமென் என்று யாரும் இல்லை

கல்லை மூடியிருந்த வெள்ளைத் துணியைக் காற்று தூக்கியது. மைதானப் படிவரிசையில் உட்கார்ந்திருந்த ருஃபாத் படித்துவிட்டார். ‘ருமென் ராய்கோவ் அரங்கு.’ பெயருக்கு மேலே பந்தை உதைக்கும் அவருடைய இளவயதுப் படம்.

காது மடல் கொதித்தது. எண்பத்தைந்தாம் வருடப் பனிக்காலத்தில் அந்த ஊர்த் துருக்கியர் எல்லோருக்கும் அரசாங்கம் பல்கேரியப் பெயர் வைத்தது. செத்துப்போன தாத்தாவைக்கூட விடவில்லை. ஒரு போலீஸ்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டே ருஃபாத்தை ருமென் ஆக்கினான். அந்தப் பெயரில்லாமல் ஆட விடமாட்டோம் என்றார்கள். ஆட்சி மாறியதும் முதல் வேலையாகத் தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கிளப் தலைவன் பிளாமென் பூங்கொத்தோடு வந்தான்.

“வாங்கண்ணே. மேயர் காத்திருக்காரு.”

“கல்லுல யார் பேரு?”

“உங்க பேருதாண்ணே. கோப்பை ஜெயிச்சப்போ ஜனங்க அப்படித்தானே கத்தினாங்க.”

“அதுக்கு முன்னாடி இந்த மைதானத்துல கோல் அடிச்சது யாரு, உங்க மாமனா?”

பிளாமென் சிரித்து மழுப்பினான். “செதுக்கியாச்சுண்ணே. இனிமே என்ன பண்றது?” என்று மேயரிடம் ஓடினான்.

பக்கத்து இருக்கையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பழைய கோல்கீப்பர் ஸ்டோயில் முழங்கையால் இடித்தார்.

“விடுடா. அன்னிக்கு உன் பழைய பேரச் சொல்லிக் கத்தியிருந்தா எங்களையும் உள்ள வச்சிருப்பாங்க.”

“கத்தச் சொன்னேனா? வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல.”

ஸ்டோயில் விதைப் பொட்டலத்தை மடித்தார். அன்று ‘ருமென்’ என்று முதலில் கத்தியவரே அவர்தான்.

ஒலிபெருக்கி முழங்கியது. “நம்ம ஊர்ச் சிங்கம், ருமென் ராய்கோவ்!”

கூட்டம் எழுந்து கைதட்டியது. ருஃபாத் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மறுபடியும் கூப்பிட்டார்கள். கைதட்டல் பிசுபிசுத்து அடங்கியது. பிளாமென் மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

“அண்ணே, மானத்த வாங்காதீங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

“கூப்பிட்ட ஆளு வரல போல.”

“துணிய நீங்கதான் இழுக்கணும்.”

“அப்ப மூடியே கெடக்கட்டும்.”

பிளாமென் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “இப்ப எழுந்திரிங்க. அப்புறமா கீழ சின்னதா பழைய பேரையும் போட்டுடறோம்.”

“சின்னதாவா?” ருஃபாத்தின் குரலுக்கு முன்வரிசை முழுவதும் திரும்பியது. “எங்கம்மா வச்ச பேரு சின்னதா, போலீஸ்காரன் வச்சது பெருசா? போய் அந்தப் பூவ அவனுக்கே குடு.”

பிளாமென் அவர் முகத்தைப் பார்த்தான். பூங்கொத்தோடு இறங்கிப் போனான். மேயர் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, நடுவர் விசில் ஊதினார். துணி விலகாமலே ஆட்டம் தொடங்கியது.

“வாடா, வீட்டுக்குப் போயிடலாம்,” என்றார் ஸ்டோயில், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“நான் எதுக்குப் போகணும்? நான் ஓடின மைதானம் இது. போகணும்னா அந்தக் கல்லு போகட்டும்.”