மருந்து ரூமுக்கு எதிரே ஒரு மனை

பட்டா பார்த்தோம், வில்லங்கம் பார்த்தோம், மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டினோம். எல்லாம் சுத்தம். இரண்டாயிரத்து ஆறில், எம். புதுப்பட்டிக்கு மேற்கே அந்த மூன்று சென்ட் மனையை நானும் என் வீட்டுக்காரர் காளீஸ்வரனும் வாங்கினோம். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரியிடம் பல்லைக் காட்ட வேண்டும். இனி எவளும் என்னிடம் வாயைக் கொடுக்க முடியாது என்று தெம்பாக இருந்தேன்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றே வந்து சேர்ந்தது வினை. மனைக்கு எதிரே கம்பி வேலி, அதற்குள் பட்டாசு கம்பெனி. போர்மேன் பெத்தணன் டேப்பும் கையுமாக வந்து, வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் சுவரிலிருந்து எங்கள் குழி வரைக்கும் அளந்தார்.

"தாயி, இங்கன வீடு கட்டாதீக. மருந்து ரூமுக்கு இம்புட்டுக் கிட்டத்துல குடியிருக்கிற வீடு வந்தா லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டாக. ரூமைப் பூட்டிருவாக."

"பூட்டுனா பூட்டிக்கிடுங்க. நான் என் மனையில கட்டுறேன், உங்க கம்பெனிக்குள்ளயா கட்டுறேன்?"

"கோவப்படாதீக. குடுத்த வெல குறையாம கம்பெனியே இடத்த வாங்கிக்கிடும்."

"போங்கய்யா, நீங்களும் உங்க கம்பெனியும்!"

விரட்டிவிட்டேன். கம்பெனி வெடித்தால் நமக்கு ஆபத்தாச்சே என்று யோசித்து, சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் வாங்கியிருந்தோம். நம் வீட்டால் கம்பெனிக்கு ஆபத்து வரும் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றும்?

மறுநாள் சாயங்காலம் என் தங்கச்சி பானுப்பிரியா வந்தாள். அந்த மருந்து ரூமில்தான் அவளுக்கு வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளும் பிள்ளையும் கஞ்சி குடிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

"யக்கா, இடத்தக் குடுத்துரு. ரூமைப் பூட்டிட்டா நான் எங்கன போவேன்?"

"கூடப் பொறந்தவ நீயே என் வாயில மண்ணப் போடுறியேடி!"

அவள் அழுதாள். "எதுக்குத்தான் அம்புட்டுத் தூரம் கேக்குறாக?" என்றேன் வெடுக்கென்று.

"வெடிச்சா வீட்டுல இருக்கவுகளுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"அப்ப உள்ள இருக்கிற உனக்கு?"

"நான் வாசப் பக்கந்தாங்க்கா உக்காருவேன். ஓடுறதுக்கு வசதியா இருக்கும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவளைப் போலச் சொன்னாள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இந்த வேலையே வேண்டாம்டி. என்கூட வந்து இரு."

"எங்கன, உன் வாடகை வீட்டுலயா? எனக்கும் பிள்ளைக்கும் சேத்துல்ல வாடகை கேப்பா அந்தப் பொம்பள!"

சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே இடத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம். தோண்டிய வானத்தை அவர்களே மூடிக்கொண்டார்கள். ஆபீசர் வந்து பார்த்தார், வெறும் பொட்டல்தான் இருந்தது, லைசென்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வேலை முடிந்த கையோடு பானுப்பிரியா ஒரு பொட்டலம் சேவு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பூட்டலக்கா! நீ நல்லா இருப்ப" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் நகக்கண்ணில் எல்லாம் மருந்து.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது வராத அழுகை அப்போதுதான் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. யாரும் பக்கத்தில்கூடக் குடியிருக்கக் கூடாத இடத்துக்குள் என் தங்கச்சியை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்குத்தான் அவள் என்னை வாழ்த்துகிறாள்.